அழைப்பு அடி

லகாட்,
3 மார்ச் 2025

தம்பி யுகேந்திரனுக்கு,

அக்கா தினேஸ்வரி எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. உன் கைப்பேசிக்குப் பதினொரு முறை அழைத்தேன், எடுக்கவில்லை. அலுவலக மின்னஞ்சலுக்கு எழுதினேன், உனக்குப் பதிலாக உங்கள் சட்டப் பிரிவு பதில் போட்டது. தங்கள் கருத்துக்கு நன்றியாம். கூடப் பிறந்தவனுக்கு எழுதினால் எவனோ ஒரு வக்கீல் நன்றி சொல்கிறான். அதனால்தான் இந்தத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கும்படி அனுப்புகிறேன், வரவில்லை என்று நீ சொல்ல முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். தைப்பூசத்தில் பத்துமலை அண்ணன் குழு உறுமி அடித்ததை அவர் மகள் ஷர்மினி அவர்களுடைய வீடியோ பக்கத்தில் போட்டாள். மறுநாள் அதன் சத்தத்தை எடுத்துவிட்டார்கள். காவடி ஆடுகிறது, எல்லாரும் கையை ஆட்டுகிறார்கள், சத்தம் மட்டும் இல்லை. இன்னொன்றைப் போட்டாள், அதுவும் ஊமையாயிற்று. மூன்றாவதைப் போட்டதும் பக்கத்தையே பூட்டிவிட்டார்கள். காரணம் எழுதியிருந்தார்கள். அந்த ஒலி உன் கம்பெனியான கெல்வர் ஆடியோ நிறுவனத்தின் சொத்து, அதன் பெயர் "டெம்பிள் ட்ரான்ஸ் 04".

நான் கெல்வரின் பக்கத்துக்குப் போய் அந்த நாலாம் நம்பரைத் தட்டிக் கேட்டேன். பன்னிரண்டு வினாடி. இரண்டாவது வினாடியிலேயே அது யார் கை என்று தெரிந்து நிறுத்திவிட்டேன்.

உனக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். 2018. ஆறாங்கட்டைத் தோட்டத்தில் ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, ஆட்களும் போய், முனியாண்டி கோயிலும் பழைய ரப்பர்ப்பால் கொட்டகையும் மட்டும் மிச்சம் இருந்தன. அந்தக் கொட்டகையில்தான் நீயும் நானும் மைக் கட்டினோம். உறுமியின் ஒவ்வொரு அடியையும் தனித்தனியாகப் பதிந்து, கணினியில் பொத்தானைத் தட்டினால் உறுமி ஒலிக்கிற மென்பொருள் செய்தோம். மேளப்பெட்டி என்று பெயர் வைத்தது நான். அன்று பத்துமலை அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். சாமியைக் கூப்பிடாமல் மேளத்தை எடுக்கிற வழக்கம் அவர் குழுவில் இல்லை. முதலில் அழைப்பு அடி, பிறகுதான் மற்றதெல்லாம். அதை அடிக்கும்போது நாம் மைக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம், ஆனால் பிறகு அழித்துவிட வேண்டும். "இது விக்கிறதுக்கு இல்லலா. அவருக்கு மட்டும்தான்" என்று கோயில் பக்கம் கையைக் காட்டினார். நீயும் நானும் மண்டையை மண்டையை ஆட்டினோம்.

அந்த அடிதான் இப்போது டெம்பிள் ட்ரான்ஸ். எனக்குத் தெரியாமல் நீ ஒரு பிரதி வைத்திருந்து, மேளப்பெட்டியைக் கெல்வருக்குக் கொடுத்தபோது அதையும் சேர்த்து விற்றிருக்கிறாய்.

மே பன்னிரண்டு சித்ரா பௌர்ணமி, முனியாண்டிக்குத் திருவிழா. பத்துமலை அண்ணன் உறுமியை உறையில் போட்டுக் கட்டி அலமாரி மேல் ஏற்றிவிட்டார். விற்றுப்போன அடியை வைத்துச் சாமியை எப்படிக் கூப்பிடுவது என்கிறார். அழைப்பு இல்லாமல் அங்கே பூசை இல்லை. எனக்கு உன்னிடம் வேண்டியது ஒன்றுதான். அந்த அடி அனுமதி இல்லாமல் உள்ளே போனது, விற்க நமக்கு உரிமை இல்லாதது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உன் கம்பெனியிடம் கொடு. கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்.

தினேஸ்வரி


சிங்கப்பூர்,
11 மார்ச் 2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கினேன். பதினொரு முறை அழைத்தால் எதற்கு என்று தெரியாதா? திட்டு வாங்க யாருக்கும் ஆசை இல்லை.

விற்றது நான் மட்டும் இல்லை. கணினிகள் மாறும்போதெல்லாம் மேளப்பெட்டியை மறுபடி எழுத வேண்டியிருந்தது. பிரேசிலில் ஒருவனுக்குத் திறக்கவில்லை என்றால் நான்தான் உட்கார்ந்து பதில் எழுதினேன். நீ ஈப்போவில் கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டப் போய்விடுவாய். கெல்வர் விலைக்குக் கேட்டபோது, தலையிலிருந்து இறங்கினால் போதும் என்று சொன்னது நீதான்.

கெல்வர் அன்று மோசமான கம்பெனி இல்லை. அங்கேயே வேலைக்குச் சேர்ந்த என்னோடு மொத்தம் ஐந்து பேர். அதன் முதலாளி தாளக் கருவி வாசிப்பவர், அண்ணனின் உறுமியைக் கேட்டுவிட்டு அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். பதினான்கே மாதத்தில் அவரையே வாங்கிவிட்டார்கள். வாங்கியது இசைக் கம்பெனிகூட இல்லை, ஒரு முதலீட்டு நிறுவனம். அந்த வருடம் மட்டும் இசை மென்பொருள் செய்யும் பதினொரு சின்னக் கம்பெனிகளை வாங்கியது. பெயர்ப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்களை அனுப்பிவிடுவார்கள். கெல்வரில் நான்கு பேருக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஒரே மின்னஞ்சல் வந்தது, முதலாளிக்கும் சேர்த்து. நாங்கள் எழுதிய நிரலைப் படிக்க வேறு ஆள் இல்லாததால் என்னை விட்டுவைத்தார்கள்.

பிறகு ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் என்பதை மாதக் கட்டணமாக்கினார்கள். பழையபடி வாங்கியவர்களுக்கு மேளப்பெட்டியைத் திறந்துவிடும் எங்கள் கணினியை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. நிறுத்தியது என் கைதான். ஒலிகளைத் துண்டு துண்டாக வெட்டி, வாய்க்கு வந்த பெயரை வைத்து, துண்டு விலைக்கு விற்றார்கள். டெம்பிள் ட்ரான்ஸ் என்று பெயர் வைத்தவனுக்கு அது எந்த நாட்டு மேளம் என்றுகூடத் தெரிந்திருக்காது. கடைசியில், அந்தத் துண்டு உலகத்தில் எங்கே ஒலித்தாலும் பிடிக்கிற ஓர் இயந்திரத்திடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தார்கள். அண்ணன் கை அவ்வளவு அச்சு. ஏழு வருடம் கழித்தும் அதே உறுமி, அதே காலம். இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் அடித்ததை அவரிடமே பிடித்தது.

எனக்கும் எரிகிறது. ஆனால் நீ கேட்கிற கையெழுத்தை நான் போட முடியாது. விற்றபோது, எல்லா ஒலியும் நம்முடையது, எல்லாவற்றுக்கும் அனுமதி உண்டு என்று கையெழுத்துப் போட்டவன் நான். இப்போது இல்லை என்றால் நான் பொய் சொல்லி விற்றவன். வேலை போகும், இங்கே தங்கும் அனுமதி போகும், வழக்கும் வரும். பிரமிளாவுக்கு ஜூலையில் பிரசவம்.

இன்னொன்று. நான் எந்தப் பிரதியும் வைத்திருக்கவில்லை. ஒலிகள் இருந்த டிஸ்க்கை அடுக்கிக் கொடுத்தது நீ. அதில் "சோதனை" என்று ஒரு கோப்புறை இருந்தது. அதற்குள்தான் அந்த அடி இருந்தது. நீ அழித்தாயா அக்கா?

யுகேந்திரன்


லகாட்,
18 மார்ச் 2025

தம்பி,

நல்ல ஆள் நீ. உன்னிடம் ஒரு கேள்வி கேட்டால் என்னிடமே திருப்பிவிடுகிறாய். உன் அலுவலகத்தின் ஏழாம் மாடியில் உட்கார்ந்து இதைத்தான் கற்றுக்கொண்டாயா?

திறந்துவிடும் கணினியை நிறுத்தியது உன் கைதான் என்று எவ்வளவு சுளுவாக எழுதிவிட்டாய். அதற்குப் பிறகு இங்கே என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. சின்னையா மாமா வந்தார். செல்லாயி அத்தை நம் ஸ்டூடியோவில் பாடிய மாரியம்மன் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? அத்தை போன வருடம் தவறிவிட்டார். அந்தப் பாட்டை முழுதாக ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னார் மாமா. திறந்தால் அத்தையின் குரல் மட்டும் தனியாக வருகிறது. மேளப்பெட்டியின் மேளம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிவப்புக் கட்டம், மாதக் கட்டணம் செலுத்தவும் என்கிறது. மாமா என் முகத்தைப் பார்க்கிறார். நான் செய்த பெட்டியைத் திறக்க நான் வாடகை கொடுக்க வேண்டும் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பேன்? எனக்கே புரியவில்லை. இப்படி நாற்பத்தொரு பாட்டு கிடக்கிறது.

நீ மட்டும்தான் பிள்ளை பெறப் போகிறாயா? பத்துமலை அண்ணனுக்கும் குடும்பம் உண்டு. காலையில் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார், அதில் அவரை யாரும் வாங்கவும் இல்லை விற்கவும் இல்லை. அந்த அடி ஒன்றுதான் அவருடையது என்று இருந்தது. அதிலும் போய் நம் கையை வைத்துவிட்டோம். வைத்துவிட்டாய்.

நான் அழித்தேனா என்று கேட்டாய். பதிவுக் கருவியில் இருந்ததை அன்றைக்கே அண்ணன் கண் முன்னால் அழித்தேன். டிஸ்க்கைப் பற்றிக் கேட்டால், பழைய டிஸ்க் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்கிறேன். அதற்காகப் பேச்சை மாற்றாதே. கையெழுத்து என்ன ஆயிற்று?

தினேஸ்வரி


லகாட்,
22 மார்ச் 2025

யுகேந்திரா,

முந்திய கடிதம் உன் கைக்கு வருவதற்குள் இதை எழுதுகிறேன். டிஸ்க்கைத் தேட வேண்டும் என்று எழுதியது பொய். அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் மேசை இழுப்பறையில்தான் எப்போதும் இருக்கிறது.

அன்று அண்ணன் பார்க்கக் கருவியில் அழித்தேன், உண்மை. ஆனால் அதற்கு முன்பே, அவர் வெற்றிலை போட வெளியே போனபோது, டிஸ்க்கில் ஏற்றிவிட்டேன். யாரும் திறந்து பார்க்காமல் இருக்கச் "சோதனை" என்று பெயர் வைத்தேன். விற்க வேண்டும் என்று இல்லை. எனக்கு வேண்டும் என்றுதான். பதினாறு வருடமாக மைக் கட்டுகிறேன், அதுபோல ஒன்று என் கையில் விழுந்ததில்லை. வளைந்த குச்சி தோலில் இழுபடும்போது அந்தக் கொட்டகையின் தகரக் கூரையும் கூடச் சேர்ந்து உறுமுகிறது. எத்தனையோ நாள் வேலை முடிந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். நீ விற்பனைக்கு எல்லாவற்றையும் கொடு என்று அவசரப்படுத்தியபோது டிஸ்க்கை அப்படியே முழுதாகப் பிரதி எடுத்து அனுப்பினேன். உள்ளே அது இருக்கிறது என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

உன்னைத் திருடன் என்பதுபோல எழுதினேன். நான்தான். ஆனால் கையெழுத்துப் போட்டது நீ, அது மாறவில்லை.

அக்கா


சிங்கப்பூர்,
31 மார்ச் 2025

அக்கா,

இன்று நோன்புப் பெருநாள் விடுமுறை. உன் இரண்டு கடிதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். முதலாவதைப் படித்தபோது கிழித்துப் போடலாம் என்று இருந்தது. இரண்டாவதைப் படித்த பிறகு உன்னையே நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது. மூன்று வாரமாக நான் திருடன், வாக்குத் தவறியவன். உனக்குள் தெரிந்துகொண்டே அதை எழுதியிருக்கிறாய். பிரமிளா கேட்டாள், உங்கள் வீட்டில் எல்லாரும் இப்படித்தானா என்று.

பிறகு நானும் ஒன்றை எழுதாமல் விட்டது உறுத்தியது. நீ சொன்ன பிறகு நான் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலீட்டுக் கம்பெனி கெல்வரை வாங்கிய இரண்டாம் மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "சோதனை என்ற கோப்புறையில் ஓர் ஒலி இருக்கிறது, மிக நன்றாக இருக்கிறது, இது என்ன, அனுமதி உண்டா?" என்று கேட்டிருந்தார்கள். போட்டுக் கேட்டேன். முதல் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது. யார் இருப்பது யார் போவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்த வாரம் அது. இரண்டு வரி பதில் எழுதினேன். அனுமதி உண்டு. டெம்பிள் ட்ரான்ஸ் என்று பெயர் வைக்கலாம்.

ஆமாம், அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். எந்த நாட்டு மேளம் என்று தெரியாத எவனோ இல்லை. நல்ல பெயர் என்று பாராட்டி ஒரு மின்னஞ்சலும் வந்தது.

நான் சொல்வதைக் கோபப்படாமல் கேள். நான் லகாட்டுக்கு வருகிறேன். முனியாண்டி முன்னால் கற்பூரம் ஏற்றி, அண்ணனும் குழுவும் கேட்க, தப்புச் செய்தேன் என்று சத்தியம் செய்கிறேன். கையால் கற்பூரத்தை அணைக்கச் சொன்னாலும் அணைக்கிறேன். அந்தத் தோட்டத்தில் எத்தனை சண்டை அப்படித் தீர்ந்திருக்கிறது. அண்ணன் கோயில் மனிதர், அவருக்கு அது போதும். கம்பெனிக்கு மட்டும் எழுதிக் கொடுக்கச் சொல்லாதே. சாமி என்னை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். கம்பெனி செய்வதைத் தாங்க எனக்கு இப்போது தெம்பு இல்லை.

யுகேந்திரன்


லகாட்,
17 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

திங்கட்கிழமை வருடப்பிறப்பு. கோயிலுக்குப் போகவில்லை, பத்துமலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸை வீட்டு முன்னால் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடச் சொல்லவில்லை. தண்ணீர்ச் சத்தத்திலேயே என் பங்கை முழுதாகச் சொன்னேன். பிறகு உன் கடிதத்தையும் அப்படியே படித்துக் காட்டினேன், நீ வைத்த பெயர் உட்பட. உன்னைக் கேட்டுக்கொண்டு செய்யவில்லை. கேட்க வேண்டிய கட்டம் தாண்டிவிட்டது.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. சக்கரத்துச் சேற்றைத் தேய்த்து முடித்துவிட்டு, அந்த அடியை இத்தனை வருடத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பாய் என்றார். எண்ணவில்லை என்றேன். அதற்கு அவர் சொன்னதை இந்த மூன்று நாளாக என்னால் விழுங்க முடியவில்லை.

"நான் ஒரு நாள்ல ஒரு தடவைக்கு மேல அடிச்சதில்ல. அது கூப்பிடுறது தங்கச்சி. நீ பட்டன அமுக்கி அமுக்கிக் கூப்பிட்டிருக்க. வந்தவருக்கு என்ன குடுத்த?"

ஒன்றும் இல்லை என்றேன். எனக்கு அது நல்ல சத்தம். அவருக்கு அது ஒருவரை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது. ஏழு வருடம் அவர் பக்கத்திலேயே மைக் கட்டிக்கொண்டிருந்தும் எனக்கு இது புரியவில்லை.

பிறகு உன் கற்பூரத்தைப் பற்றிக் கேட்டேன். நீ சொன்னதுபோலவே, அவருக்கு அது போதும் என்றுதான் நானும் நினைத்தேன். உன்னைப் பிடித்துக் காகிதத்தில் எழுத வைப்பது எனக்கு மட்டும்தான் தேவை என்று இருந்தேன். நாம் இருவருமே அவரைச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லை. குழாயை மூடிவிட்டு வந்து, நேராக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கற்பூரம் ஏத்துறது சாமிக்குத் தெரியணும்னு. சாமிக்குத்தான் தெரியுமே. தெரியாதது அந்தக் கம்பெனிக்கு. அவனுக்கு எது புரியுமோ அதுல எழுதிக் குடுக்கச் சொல்லு உன் தம்பிய. பயமா இருக்குன்னா இருக்கட்டும்லா. எனக்கும்தான் ரெண்டு மாசமா உறுமியப் பாக்கப் பயமா இருக்கு."

இதுதான் அவர் பதில். நான் அதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

மறுநாளே ஈப்போவுக்குப் போய், சத்தியப் பத்திரத்துக்கு முத்திரை வைப்பவர் முன்னால் என் பங்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழிப்பதாக வாக்குக் கொடுத்தது, அழிக்காமல் ஒளித்தது, டிஸ்க்கை அனுப்பியது எல்லாம் இருக்கிறது. வாக்குக் கொடுத்த வாயும் ஒளித்த கையும் என்னுடையவை, உன்னை அதில் இழுக்கவில்லை. ஆனால் நான் ஒலி பதிந்தவள், விற்றுக் கையெழுத்துப் போட்டது நான் இல்லை. விற்றவன் சொல்லாமல் அது வெறும் காகிதம் என்று முத்திரை வைத்தவரே சொன்னார். நகலை இதோடு வைத்திருக்கிறேன்.

உன் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று தெரியாதவள் இல்லை நான். பிரமிளாவை நினைத்தால் எனக்கும் தூக்கம் இல்லை. அப்படியும் போடு என்றுதான் சொல்கிறேன். போடாவிட்டால் இனி எனக்குக் கடிதம் எழுதாதே.

அக்கா


சிங்கப்பூர்,
2 மே 2025

அக்கா,

போட்டுவிட்டேன். ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி, வக்கீல் முன்னால். உன்னுடையதையும் சேர்த்துக் கம்பெனியிடம் கொடுத்தேன். பெயர் வைத்ததையும் எழுதினேன். கொடுப்பதற்கு முன் பிரமிளாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்து, போட்டுத் தொலையுங்கள் என்றாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன், உனக்குச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். எனக்கு வரவில்லை.

காலையில் கொடுத்தேன். மதியம் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதில் ஒருவரைக்கூட நான் முன்பு பார்த்ததில்லை. தப்பு எது, யாருக்கு என்ன கெடுதல் என்று ஒரு கேள்வி வரவில்லை. பத்துமலை என்று பத்திரத்தில் இருந்த பெயரைக் காட்டி, அது கோயில் இருக்கிற மலையா என்று ஒருவர் கேட்டார். மனிதர் என்றேன். அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான், இந்தப் பத்திரத்தை வேறு யாரிடமாவது கொடுத்திருக்கிறேனா என்று.

ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பதினொரு கம்பெனிகளையும் மொத்தமாக இன்னும் பெரிய ஒருவனிடம் விற்கப் போகிறார்கள். வாங்குகிறவனின் வக்கீல்கள் இந்த வாரம் ஒவ்வொரு கோப்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில், இது எங்களுடையது இல்லை என்று சத்தியம் செய்த காகிதம் ஒன்று இருந்தால் விலை குறையும். நீ நியாயம் கேட்டு எழுதியபோது நன்றி சொல்லி அனுப்பியவர்கள், விலை என்றதும் அன்று மாலையே அழித்துவிட்டார்கள். டெம்பிள் ட்ரான்ஸ் இல்லை. அண்ணன் பக்கத்தைப் பிடித்த பிடியையும் எடுத்துவிட்டார்கள், ஷர்மினி பார்த்திருப்பாள்.

ஆனால் அதை மட்டும் அழிக்கவில்லை. எது சுத்தம் எது அழுக்கு என்று உட்கார்ந்து பிரிக்க அவர்களுக்கு நேரம் இல்லை. மேளப்பெட்டி முழுவதையும் அழித்துவிட்டார்கள். அண்ணன் இரண்டு நாள் அடித்தது, நான் நான்கு வருடம் எழுதியது எல்லாம் போய்விட்டது. எழுதியது கம்பெனிக் கணினியில்தான் இருந்தது, என்னிடம் ஒரு வரிகூட இல்லை. செல்லாயி அத்தை பாட்டின் சிவப்புக் கட்டம் இனி எந்தக் கட்டணம் கட்டினாலும் திறக்காது. மாமாவிடம் நீதான் சொல்ல வேண்டும், என்னால் முடியாது.

வழக்குப் போடவில்லை. போட்டால் அதையும் வாங்குகிறவனிடம் காட்ட வேண்டும். வாயை மூடிக்கொண்டு போகச் சொல்லி ஒரு காகிதம் நீட்டினார்கள். நான்கு வருடம் வேலை செய்த இடத்தில், வாசல் வரைக்கும் ஒரு காவலாளி கூட வந்தான், நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்பதுபோல. மாதக் கடைசிக்குள் நாட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பிரமிளா, ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போகிறாள், பிரசவம் அங்கேதான். நான் எங்கே போவது என்று இன்னும் தெரியவில்லை.

சரியானதைச் செய்தால் மனது லேசாகும் என்பார்கள். ஒன்றும் லேசாகவில்லை. அவர்கள்மேல் இருக்கிற கோபத்தில் பாதி உன்மேலும் இருக்கிறது. நீ அன்றைக்கு ஒரு பொத்தானை அமுக்கியிருந்தால் போதும். நான் இரண்டு வரி எழுதாமல் இருந்திருந்தால் போதும்.

திருவிழாவுக்கு வர எனக்கு முகம் இல்லை. அண்ணன் அடிக்கிறாரா என்று மட்டும் எழுது.

யுகேந்திரன்


லகாட்,
13 மே 2025

யுகேந்திரா,

அடித்தார்.

விசாக விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் நேற்று நல்ல கூட்டம். செம்பனைக்குள் கார் நிறுத்த இடம் இல்லை. கோலாலம்பூரிலிருந்தும் ஜொகூரிலிருந்தும்கூட வந்திருந்தார்கள். மழை வருவதுபோல இருந்து வராமல் போய்விட்டது. உன் கடிதத்தில் இருந்ததை அண்ணனிடம் முன்பே சொல்லியிருந்தேன், உனக்கு வேலை போனதையும். கேட்டுக்கொண்டார். அன்று மாலையே உறுமி அலமாரியிலிருந்து இறங்கியது என்று ஷர்மினி சொன்னாள்.

சின்னையா மாமாவிடமும் சொன்னேன். அவர் அழவில்லை. குரலாவது இருக்கிறதே, அதை மட்டும் போடு என்றார். மூன்று தடவை கேட்டுவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் எல்லாரையும் சேர்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன், என்னையும் சேர்த்துத்தான். நீ ஏழாம் மாடியில் பார்த்த அந்த மூன்று பேருக்கும் இங்கே ஒரு கிழவர் மேளம் இல்லாத பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒருநாளும் தெரியப் போவதில்லை.

கோயிலில் எப்போதும்போல ஒலிபெருக்கி கட்டினேன். பூசைக்குச் சற்று முன் அண்ணன் என்னிடம் வந்தார். கோபமாக இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "சவுண்ட் நீதான் கட்டணும், வேற ஆள் வேணாம். ஆனா நான் கூப்பிடுறப்ப மட்டும் நீ இங்க இருக்காத. ரோட்டுக்குப் போயிடு. முடிஞ்சதும் வா" என்றார். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டேன். உறுமியின் கயிற்றை இழுத்துக் கட்டப் போனார்.

போனேன். மண் பாதையில் நடந்து சாலைக்கே போய்விட்டேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து எதுவும் கேட்காது, கேட்காத தூரம் எது என்று என் தொழிலில் எனக்குத் தெரியும். அவர் எனக்குக் கொடுத்தது சரியான தண்டனை என்று நினைக்கிறேன். அப்படி நினைத்தாலும் நெஞ்சு கொதிக்கிறது. உலகத்தில் அந்த அடியை என்னளவுக்குக் கேட்டவர் வேறு யாரும் இல்லை, இனி நான் மட்டும் கேட்கக் கூடாது. திரும்பிப் போனபோது சாமி வந்து இறங்கியிருந்தது. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியதற்கு வருகிறேன். கம்பெனி அழித்துவிட்டது என்றாய். உன்னிடம் இல்லை. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான், என் டிஸ்க்கில் இருப்பது. சத்தியப் பத்திரத்தில், பிரதி எதுவும் என்னிடம் இனி இருக்காது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு மாதம் ஆகிறது. இன்று காலையும் கணினியில் மாட்டினேன். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கவில்லை. ஆனால் அழிக்கவும் இல்லை.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என்மேல் உனக்கும் இருக்கட்டும். பிரமிளாவை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நேராக இங்கே வா, பின் அறை காலியாகத்தான் கிடக்கிறது. வந்ததும் முதல் வேலையாக அதை நீ அழி. என்னால் முடியாது, தம்பி. நீ அழித்து முடிக்கும் வரைக்கும் நான் வெளியே நிற்கிறேன்.

அக்கா